மறுபடியும் முதலிலிருந்தா?

"மறுபடியும் முதலிலிருந்து முயற்சி செய்து பாருங்கள், ஸார்."

சென்ற ஆண்டு ஒரே வாரத்தில் இந்த வாக்கியத்தை நான் ஐந்து தடவை கேட்டேன். சொன்னவர் ஒரு கம்பெனியின் உதவிப் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர். மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை அவர் படித்தார், அவ்வளவுதான். என் கோபமெல்லாம் அந்த வாக்கியத்தின் மேல். அதை எழுதிக் கொடுத்தவனின் மேல்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெரியம்மா நிறையக் கதைகள் சொல்லுவாள். ராஜா ராணிக் கதைகள் அல்ல. ஊர்க்கதைகள், வீட்டுக்கதைகள், வெளியில் சொல்லக்கூடாத கதைகள். ஒரு நாவலுக்கு உதவும் என்ற சுயநலத்தில், ஆறு வருஷ காலம் போகும்போதெல்லாம் அவள் பேச்சைப் பதிவு செய்து வந்தேன். மொத்தம் 60 மணி நேரம். பதிவுக் கருவியைத் தரமான நிலையில் வைத்திருந்ததால் அத்தனையும் சேர்ந்து 38 ஜி.பி. கனம் பிடித்தது. அதை ஒரே மூட்டையாகக் கட்டி, மாத வாடகைக்கு இடம் கொடுக்கும் ஒரு கம்பெனியிடம் வைத்திருந்தேன். பெரியம்மா காலமானாள். கொஞ்ச நாளில் என் பழைய கணினியும் போய்ச் சேர்ந்தது. அந்தச் சமயம் பார்த்து, கம்பெனி தன் வாடகைத் திட்டத்தை நிறுத்துவதாகவும், மாத முடிவுக்குள் அவரவர் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கடிதம் அனுப்பியது.

எடுக்கப் போனேன். கம்பெனியே கொடுத்திருந்த செயலியில் பொத்தானை அழுத்தினேன். முதல் நாள் 31 ஜி.பி. வந்ததும் மின்சாரம் போயிற்று. திரும்பிப் பார்த்தால் சைபர். இரண்டாம் நாள் 12இல் இணைப்பு அறுந்தது, மறுபடி சைபர். மூன்றாம் நாள் 26. ஆக, 38 ஜி.பி. வேண்டிய என் வீட்டுக்கு 69 ஜி.பி. வந்து இறங்கியிருக்கிறது, கையில் ஒரு வார்த்தை கூட இல்லை. செயலி சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது."

ஏதோ தவறு! வாசகரே, வைத்தியர் ஒருவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஏதோ வியாதி" என்று சொன்னால் பீஸ் கொடுப்பீர்களா?

நாலாம் நாள் என் தங்கையின் மகன் வந்தான். இன்ஜினீயரிங் படிக்கிற பையன். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "மாமா, அந்தச் செயலியை மூடுங்க. எதிர்முனை என்ன சொல்லுதுன்னு நேரா அதுகிட்டயே கேட்போம்" என்றான். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஒரு வரி தட்டினான். 'கர்ல்' என்று அந்தக் கருவிக்குப் பெயர். கோப்பை இறக்காமல், அதன் முகவரிச் சீட்டை மட்டும் அது கேட்டு வாங்கியது. பதிலில் ஒரு வரியைச் சுட்டிக் காட்டினான்: கோப்பை எந்த இடத்திலிருந்து கேட்டாலும் பகுதியாகத் தருவேன் என்று கம்பெனியின் கணினியே ஒப்புக்கொண்டிருந்தது!

பிறகு 'டபிள்யூகெட்' என்ற இன்னொரு கருவியை, 'சி' என்ற எழுத்தைச் சேர்த்து ஏவினான். 'தொடர்' என்பதற்கு அந்த எழுத்து அடையாளம். அன்றிரவும் இணைப்பு இரண்டு தடவை அறுந்தது. ஒவ்வொரு தடவையும் அதே வரியைத் திரும்பத் தட்டினோம். கையில் இருப்பதை அளந்து பார்த்து, "இதற்கு அடுத்ததிலிருந்து கொடு" என்று அது கேட்டது. எதிர்முனை 206 என்று பதில் எண் கொடுத்தது. 'பகுதி மட்டும் அனுப்புகிறேன்' என்று அதற்கு அர்த்தம். விடியற்காலையில் பெரியம்மாவின் குரல் முழுசாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

வாசகர் மகிழ்ச்சி அடையலாம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஏனென்றால் இது நேற்றுக் கண்டுபிடித்த வித்தை அல்ல. தொலைபேசிக் கம்பி வழியாகக் கோப்பு அனுப்பிய நாளிலேயே, 1986இல், சக் ஃபோர்ஸ்பெர்க் என்பவர் எழுதிய 'இஸட்மோடம்' விட்ட இடத்திலிருந்து தொடரக் கற்றிருந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1985இல் வெளியான எஃப்.டி.பி. விதியில் மறுதொடக்கத்துக்கு என்று தனிக் கட்டளை உண்டு. வலைப்பக்கங்களை ஆளும் எச்.டி.டி.பி. விதியின் 1.1 பதிப்பு, 1997 ஜனவரியில், பகுதி கேட்கவும் பகுதி கொடுக்கவும் வகை செய்துவிட்டது. சட்டம் இருக்கிறது, கம்பெனியின் கணினிக்கும் அது தெரிந்திருக்கிறது, என் முகத்துக்கு நேரே நிற்கும் செயலி மட்டும் தெரியாததுபோல் பாசாங்கு செய்கிறது. இதற்கு 'எளிமை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் எழுத்தாள நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நமக்கு எதற்கு ஐயா இந்தக் கறுப்புத் திரை? கார் ஓட்டுகிறவன் இன்ஜினைக் கழற்றிப் பார்க்க வேண்டுமா?" என்றார்.

வேண்டாம். ஆனால் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் வேண்டுமா, வேண்டாமா? அந்த முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நடுவழியில் வண்டி நின்றால், "புறப்பட்ட ஊருக்கே திரும்பிப் போய் மறுபடி ஓட்டி வாருங்கள்" என்று சொல்வது எளிமை அல்ல. எளிமை வேறு, மறைப்பு வேறு. கறுப்புத் திரை அழகாக இல்லைதான். ஆனால் ஏன் நின்றது என்று அது சொல்லுகிறது.

இங்கே 'ஆர்சிங்க்' என்ற கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில், கான்பெரா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்ற இருவர் 1996இல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்னை, எழுத்தாளனுக்கு நன்றாகவே புரியக்கூடியது. என் நாவலின் பழைய பிரதி பதிப்பாளரிடம் இருக்கிறது. திருத்திய பிரதி என்னிடம். திருத்தியது இருபது வரிதான். இருபது வரிக்காக ஐந்நூறு பக்கத்தையும் அனுப்புவதா? பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடலாம் என்றால், முதல் பக்கத்தில் நான் ஒரு பாராவை நுழைத்துவிட்டேன். அதன்பின் எல்லாப் பக்கமும் நகர்ந்துவிட்டன. இனி எந்தப் பக்கமும் எதோடும் ஒத்துப்போகாது.

அவர்கள் கண்ட வழி இது. பதிப்பாளர் தம்மிடம் உள்ள பழைய பிரதியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு அடையாள எண் கணக்கிட்டு எண்களை மட்டும் எனக்கு அனுப்புகிறார். ஓர் எண் சட்டென்று போடக்கூடிய மேலோட்டமான கணக்கு. மற்றது நிதானமான, உறுதியான கணக்கு. நான் என் புதுப் பிரதியின்மேல் ஒரு சட்டத்தை வைத்து, பக்கம் பக்கமாக அல்ல, எழுத்து எழுத்தாக நகர்த்திக்கொண்டே போகிறேன். மேலோட்டமான எண் ஒத்துவந்தால், உறுதியான எண்ணையும் சரிபார்த்து, "இது உம்மிடம் உள்ள பதினேழாம் துண்டு" என்று மட்டும் எழுதுகிறேன். ஒத்துவராததை மட்டும் முழுசாக அனுப்புகிறேன். அதாவது, உன்னிடம் இருப்பதற்கு மதிப்புக் கொடுக்கிறேன். கருவிக்கு இதைவிடப் பெரிய பண்பு எனக்குத் தெரியவில்லை.

அது பிழையைச் சொல்லும் விதமும் அப்படியே. நிற்கும்போது ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு நிற்கும். 30 என்றால் காத்திருந்து காலம் கடந்துவிட்டது, இணைப்பைப் பார். 23 என்றால் சில கோப்புகள் போகவில்லை. அனுமதி இல்லாமல் இருக்கலாம், மேலே உள்ள வரிகளைப் படி. 24 என்றால் நகல் எடுத்துக்கொண்டிருந்தபோதே சில கோப்புகள் காணாமல் போயின. 11 என்றால் எழுதவோ படிக்கவோ முடியவில்லை. வட்டில் இடம் இருக்கிறதா என்று பார். 'ஏதோ தவறு' என்ற பேச்சே கிடையாது.

இத்தனை புகழ்ந்த பிறகு, எனக்கு எதிரான சாட்சியத்தையும் நானே சொல்லிவிடுவதுதான் யோக்கியம்.

ஆர்சிங்க்கும் குற்றமற்றது அல்ல. இடையில் நின்றால், பாதி வந்த கோப்பைத் தானே அழித்துவிடுவதுதான் அதன் பிறவிக் குணம். 'பார்ஷியல்' என்று கேட்டுக்கொண்டால்தான், அல்லது சுருக்கமாகப் பெரிய 'பி' எழுத்தைப் போட்டால்தான், பாதியைப் பத்திரமாக வைத்திருக்கும். ஒரு கோப்பு மாறியிருக்கிறதா என்று அது பார்ப்பதும் வழக்கமாக அளவையும் தேதியையும் வைத்துத்தான். உள்ளே எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டுமானால் தனியே சொல்ல வேண்டும். டபிள்யூகெட்டும் அப்படியே: நீங்கள் பாதியில் நின்ற நேரத்தில் எதிர்முனையில் கோப்பை மாற்றிவிட்டிருந்தால், பழைய தலையோடு புது உடம்பை ஒட்டிக் கொடுத்துவிடக்கூடும். கடைசியில் முழுக்கோப்பின் அடையாள எண்ணைச் சரிபார்க்காதவன் ஏமாந்து போவான்.

இதையெல்லாம் கேட்டால், இந்த வித்தையில் தேர்ந்தவர்கள், "கையேட்டைப் படி" என்கிறார்கள். படிக்கலாம். ஆனால் அந்தக் கையேடு எவ்வளவு நீளம்! அதில் ஆளை விழுங்கும் பள்ளமும் அழகுக்கு வைத்த பூந்தொட்டியும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. மறைக்கிறவன் ஒரு பக்கம். தெரிந்துகொண்டு மந்திரம்போல் காப்பவன் இன்னொரு பக்கம். நடுவில் விழுகிறவன் நான்.

விழுந்தேன். என் தங்கை வெளியூரில் இருக்கிறாள். பெரியம்மா உயிரோடு இருந்த நாளில், என் பதிவுகளில் சிலவற்றைக் கேட்டுக்கேட்டு அவள் தட்டச்சு செய்து வந்தாள். பதினாலு கதைகள். எட்டு மாதத்து மாலைப்பொழுதுகள். புரியாத சொல் வந்தால் பெரியம்மாவிடமே போய்க் கேட்டு, அவள் சொன்ன விளக்கத்தைக் கீழே குறித்து வைத்திருந்தாள். அவள் கணினியில் 'கதைகள்' என்று ஒரு பெட்டி. அதற்குள் 'குரல்' ஒன்று, 'எழுத்து' ஒன்று.

மீட்டுவந்த பதிவுகளை மூட்டை பிரித்து அவளுக்கும் ஒரு நகல் அனுப்ப நினைத்தேன். பையன் கல்லூரிக்குப் போயிருந்தான். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! என் 'குரல்' பெட்டியை அவளுடைய 'கதைகள்' பெட்டிக்குள் அனுப்பும்படி கட்டளை எழுதினேன். இங்கே இல்லாத பழைய குப்பை அங்கே இருக்க வேண்டாம் என்று 'டெலீட்' என்ற சொல்லையும் சேர்த்தேன். பெட்டியின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு விழுந்திருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

சாய்கோடு இல்லாவிட்டால், 'பெட்டியை அனுப்பு' என்று அர்த்தம். சாய்கோடு இருந்தால், 'பெட்டிக்குள் இருப்பதை அனுப்பு.' ஆகவே 'கதைகள்' பெட்டி என்னுடைய 'குரல்' பெட்டியைப் போலவே ஆக வேண்டும் என்று கருவி புரிந்துகொண்டது. என்னிடம் இல்லாதவை எல்லாம் அங்கே அழிக்கப்பட்டன. 'எழுத்து' போயிற்று. குப்பைத் தொட்டிக்குக் கூடப் போகவில்லை, இல்லாமலே போயிற்று. அவளிடம் வேறு நகல் கிடையாது.

'என்' என்ற ஒரே எழுத்தைச் சேர்த்திருந்தால், எதையும் தொடாமல், என்னென்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் அது பட்டியல் போட்டுக் காட்டியிருக்கும். ஒத்திகை. நாடகம் போடுகிறவன்கூட ஒத்திகை பார்க்காமல் மேடை ஏறுவதில்லை. நான் ஏறினேன்.

தொலைபேசியில் சொன்னேன். தங்கை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லை, அண்ணா. குரல்தான் இருக்கே. மறுபடியும் முதல்லேருந்து எழுதிக்கிறேன்" என்றாள்.

ஐந்து தடவை கேட்டுக் கொதித்த அதே வாக்கியம்! ஆறாவது தடவை, அதைச் சொல்ல வைத்தவன் நான். கதைகளை அவள் திரும்ப எழுதிவிடுவாள்; எழுதிக்கொண்டும் இருக்கிறாள். அடியில் குறித்திருந்த விளக்கங்களுக்கு எங்கே போவது? கேட்பதற்குப் பெரியம்மா இல்லை.

ஆகவே, இனி நான் சொல்வதை அனுபவப்பட்டவனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர்களே, எங்களிடம் வந்து சேர்ந்த பாதியை எங்கள் அனுமதி இல்லாமல் அழிக்காதீர்கள். நின்றால் ஏன் நின்றது என்று சொல்லுங்கள். புரியுமா புரியாதா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வித்தை தெரிந்தவர்களே, பள்ளம் இருக்கும் இடத்தில் முதலில் பலகை நடுங்கள். பாண்டித்தியத்தைப் பிறகு காட்டலாம்.

நம்மைப்போன்ற சாதாரண மனிதர்களுக்கும் ஒரு வார்த்தை. திரையில் வரும் பிழைச் செய்தியைக் கண்டதும் மூடிவிடாதீர்கள். நமக்கு வந்த கடிதம் அது. கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும். ஒரே ஒரு நகலை நம்பி எதையும் வைக்காதீர்கள். 'அழி' என்று எழுதும் முன் ஒத்திகை பாருங்கள். என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு தாளில் அந்த ஒற்றை எழுத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் ஏதோ மந்திர எழுத்து என்று நினைக்கிறார்கள். தங்கை வந்தபோது மட்டும், அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காப்பி போடப் போய்விட்டாள்.