'விண்டோஸில் ஓடும்' என்று எழுதினால் போதுமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம்மூரில் பட்டுச்சேலை டிசைனைக் கணினியில் போட்டு, அதிலிருந்து ஜக்கார்டு அட்டை குத்துகிறார்கள். அந்தக் கணினி எல்லா வீட்டிலும் புதுசு அல்ல. விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிற வீடுகள் உண்டு. மென்பொருள் விற்பவரோ 'விண்டோஸில் ஓடும்' என்று ஒற்றை வரி எழுதிக் காசு வாங்கிவிடுகிறார். எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டில் அதை நிறுவியதும் 'டிஎல்எல் கோப்பு இல்லை' என்று வந்தது. விற்றவரிடம் கேட்டால், "புது கம்ப்யூட்டர் வாங்குங்க" என்கிறார். பழுது கம்ப்யூட்டரிலா, அவர் எழுதிய வரியிலா?

விஷயம் இதுதான். சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய பல மென்பொருள்களுக்கு மைக்ரோசாஃப்டின் 'விசுவல் சி பிளஸ் பிளஸ்' நூலகம் தேவை. அதன் அடிப்படைப் பகுதி ஒன்று விண்டோஸ் 10-ல் கூடவே வருகிறது. விண்டோஸ் 7-ல் அது கிடையாது. முதலில் சர்வீஸ் பேக் 1 போட வேண்டும், பிறகு கேபி2999226 என்ற அப்டேட், அதன்பின் நூலகம். இன்னொன்று: விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் மென்பொருள் 32 பிட் என்றால் 32 பிட் நூலகமே வேண்டும். 240 கொக்கிக்குக் குத்திய அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் ஓடுமா? நம் தறிக்காரருக்குத் தெரிந்த நியாயம், மென்பொருள் விற்பவருக்குத் தெரியாதா?

'பழசுக்கெல்லாம் எத்தனை காலம் மாரடிப்பது?' என்பார்கள். நியாயமான கேள்விதான். விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரியில் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் பொது ஆதரவு முடிந்தது. காலமெல்லாம் ஆதரவு கொடு என்று நான் கேட்கவில்லை. காசு வாங்கும் முன் சொல் என்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் பைதான், 3.9 முதல் விண்டோஸ் 7-ல் ஓடாது என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. காசு வாங்காதவருக்கு இருக்கும் நேர்மை, வாங்குகிறவருக்கு வேண்டாமா?

சொல்லாததன் விளைவு பணத்தோடு நிற்பதில்லை. பிள்ளைகள் இணையத்தில் தேடி, முகம் தெரியாத தளத்திலிருந்து அந்த ஒற்றை டிஎல்எல்லை இறக்கிப் போடுகிறார்கள். வைரஸ் வந்து சேர்ந்தால் வருஷக்கணக்கில் சேர்த்த டிசைன் எல்லாம் போகும். நூலகத்தை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

மென்பொருள் துறையில் இருக்கும் என் மாணவர்களே, மூன்றே வரி எழுதுங்கள்: எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை, 32 பிட்டா 64 பிட்டா, முன்கூட்டி எதை எந்த வரிசையில் நிறுவ வேண்டும். வாங்குகிற உறவுகளே, இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.