ஆகாயத்தில் வெட்டு, மலையில் வேன்

விமானக் கம்பெனியில் ஆளைக் குறைத்தால் சித்தேரி மலையில் சாமை விதைக்கிறவனுக்கு என்ன வந்தது என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பைலட் வாங்கும் சம்பளத்தைச் சொல்லிச் சிரிப்பவர்களும் உண்டு. சிரிக்கட்டும். ஆனால் விமானம் பைலட்டால் மட்டும் பறப்பதில்லை. மூட்டை ஏற்றுகிறவன், கக்கூஸ் கழுவுகிறவள், சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவள் எல்லோரும் உழைத்தால்தான் அது தரையை விட்டு எழும்பும்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 2005 ஆகஸ்டில் நடந்ததைக் கேளுங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் சமையல் பகுதியை 1997இலேயே கேட் கோர்மே என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டிருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கப் போன பஞ்சாபிப் பெண்கள். நிரந்தரத் தொழிலாளரைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே, ஆகஸ்ட் 10ஆம் தேதி நூறு பேருக்கு மேல் தற்காலிக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது நிர்வாகம். இது என்ன நியாயம் என்று கேட்கக் கூடியவர்களையும், லீவில் வீட்டில் இருந்தவர்களையும் சேர்த்து, சுமார் 670 பேரை வெளியே தள்ளியது.

மறுநாள் பிரிட்டிஷ் ஏர்வேஸின் மூட்டை ஏற்றும் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் முதலாளி வேறு. அவர்கள் சம்பளத்தில் யாரும் கை வைக்கவில்லை. பிறர் தகராறுக்காக வேலைநிறுத்தம் செய்வது அந்நாட்டில் சட்ட விரோதம். ஆயினும் நிறுத்தினார்கள். சமையற்கூடத்தில் அவர்களின் மனைவிமாரும் சகோதரிகளும் இருந்தார்கள் என்பதும் உண்மைதான். ஒரு லட்சம் பயணிகள் அங்கங்கே முடங்கிக் கிடந்தார்கள். விரட்டிய கம்பெனி பேச்சுவார்த்தைக்கு வந்தது. எல்லோருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் நடந்தது என்ன? இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் 2007இல் இணைக்கப்பட்டன. 2011இல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் சம சம்பளம் கேட்டுப் பத்து நாள் நின்றார்கள். மற்றச் சங்கம் சேரவில்லை. 2012இல் அந்தச் சங்கம் 58 நாள் நின்றது. இவர்கள் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2022 ஜனவரியில் கம்பெனி டாட்டாவின் கைக்குப் போனபோது இரு சாராரும் ஒரே விலைச் சீட்டில்தான் போனார்கள்!

2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் கூட்டமாக நோய் விடுப்பு எடுத்தார்கள். நிர்வாகம் 25 பேரை நீக்கியது. மற்றவர்கள் கலையவில்லை. மே 9ஆம் தேதி டில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் அந்த 25 பேரையும் திரும்ப எடுக்க ஒப்புக்கொண்டது. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டமோ, பாதிப் பேர் சேர்ந்து விடுப்பெடுத்தாலே அதை வேலைநிறுத்தம் என்கிறது. வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பும் கேட்கிறது. பதினான்கு நாளில் எத்தனை வேன் தற்காலிக ஆட்களைக் கொண்டுவரலாம் என்று முதலாளிக்குக் கணக்குத் தெரியும்.

அந்த வேன் எங்கிருந்து ஆள் ஏற்றும்? மழை பொய்த்த மலைகளிலிருந்துதான். சித்தேரியிலிருந்து திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலிக்கு இறங்குகிற தோழர்களே, அடுத்த முறை மேஸ்திரி வந்து முன்பணம் நீட்டும்போது, அந்த வேலையை நேற்றுவரை செய்தவர்கள் இப்போது எங்கே என்று கேளுங்கள். அவன் மழுப்பினால் வேனில் ஏறாதீர்கள். அரூருக்கு இறங்கி வந்து சங்கத் தோழர்களிடம் சொல்லுங்கள். மில் தோழர்களே, வாசலில் புது முகத்தைக் கண்டதும் கருங்காலி என்று கல்லெடுக்காதீர்கள். முதலில் எந்த ஊர் என்று விசாரியுங்கள்.