பெயரோ விளையாட்டு, பிழைப்போ சூதாட்டம்!

“விளையாட்டுத்தானே, விட்டுவிடுங்கள்” என்கின்றனர் சிலர். “விளையாட்டையே தடை செய்யுங்கள்” என்று முழங்குகின்றனர் வேறு சிலர். இரு சாராரும் உண்மையைக் காணவில்லை என்பதே எமது துணிபு. குடாநாட்டுச் சிறுவன் கைபேசித் திரையில் ஓடி ஒளிந்து சுடுவதன்று இன்றைய கேள்வி. அவன் ஏந்தும் பொய்த் துப்பாக்கிக்குப் பொன்முலாம் பூசி விற்பவர் யார்? என்ன விலைக்கு விற்கின்றார்? அவ்விலையை எங்ஙனம் மறைக்கின்றார்? இவையே கேள்விகள்.

கைபேசி எப்படி வீட்டுக்குள் வந்தது என்பதை மறந்துவிட வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனாவின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைபேசி வழியே வரும் என்றனர். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் செய்கின்றவரும் பருத்தித்துறையில் வலை இழுக்கின்றவரும் கடன்பட்டேனும் பிள்ளைக்கு ஒரு கைபேசியை வாங்கிக் கொடுத்தனர். பாடம் வந்தது, பாடத்தின் பின்னே பப்ஜியும் பிரீ பயரும் வந்தன. இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம், ஆடுவதற்கும் காசு வேண்டாம். இலவசம்! இந்த ஒரு சொல்லிலேதான் அவ்வணிகத்தின் முதற் பொய் குடியிருக்கின்றது.

ஆட்டத்துக்குள்ளே ஒரு கடை இருக்கின்றது. அங்கே சட்டை விற்கின்றார்கள், தொப்பி விற்கின்றார்கள், துப்பாக்கிக்கு மேற்பூச்சு விற்கின்றார்கள். ஆனால் ரூபாவுக்கு விற்பதில்லை. முதலில் ரூபாவைக் கொடுத்து அவர்களது நாணயத்தை வாங்க வேண்டும். பிரீ பயரில் அதன் பெயர் வைரம், பப்ஜியில் யூசி. 60 யூசியின் விலை ஒரு டொலருக்கு ஒரு சதம் குறைவு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. எரிபொருளுக்கு மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற அந்த நாட்களிலும் சிறுவனின் திரையில் 60 என்பது 60 ஆகவே இருந்தது. இளைத்தது தகப்பனின் பணப்பை. காசைக் காசாகக் காட்டினால் கை தயங்கும் என்பது வணிகனுக்குத் தெரியும். ஆகவேதான் அதனை வைரமாக்கிக் காட்டுகின்றான். வாங்கும் பொதியின் அளவும் பொருளின் விலையும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை, சிறிது மிஞ்சும். மிஞ்சியதை வீணாக்காதிருக்க இன்னொரு பொதி வாங்க வேண்டும். என்னே சாமர்த்தியம்!

இதனையேனும் வியாபாரத் தந்திரம் என்று பொறுத்துவிடலாம். பெட்டி இருக்கின்றதே, அதனைப் பொறுக்க இயலாது.

விரும்பிய பொருளை நேரே விற்காமல் ஒரு பெட்டிக்குள் வைத்து விற்கின்றனர். காசைக் கொடுத்துப் பெட்டியைத் திறந்தால் கேட்டது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பெரும்பாலும் கிடைப்பது ஒன்றுக்கும் உதவாத குப்பை. கோவில் வெளிவீதியிலே சக்கரம் சுழற்றிக் காசு பறிப்பவனைப் பொலிசார் துரத்துகின்றனர். அதே சக்கரம் கண்ணாடித் திரைக்குள்ளே ஒளிவீசிச் சுழன்றால் அதற்குப் பெயர் விளையாட்டாம்!

“வாய்ப்பு எவ்வளவு என்று எழுதித்தானே இருக்கின்றது” என்று வக்காலத்து வாங்குவோர் உளர். எழுதியிருக்கலாம். அப் பெட்டிகளைத் தனது கடையில் விற்போர் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டுமென ஆப்பிள் நிறுவனம் 2017 முடிவிலேயே விதித்தது. ஆனால் அது எந்த மூலையில், எவ்வளவு சிறிய எழுத்தில், எந்த மொழியில் இருக்கின்றது? நம்மூர்த் தாய் தேடிப்பிடித்துத் தன் மொழியில் படித்தறியும் வண்ணமா இருக்கின்றது? அன்றியும், நூற்றுக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் பிள்ளை என்ன நினைக்கின்றான்? நூறு பெட்டி திறந்தால் ஒன்று நிச்சயம் என்று நினைக்கின்றான். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நூறு பெட்டி திறந்த பின்னும் வெறுங்கையோடு நிற்க மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வாய்ப்பு உண்டு. க.பொ.த. உயர்தரத்தில் கணிதம் பயிலும் மாணவன் இதனைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அக்கணக்குத் தெரியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அல்லவா பெட்டி விற்கப்படுகின்றது!

வாங்கியதோடு முடிந்ததா? இல்லை. வாரந்தோறும் புதுவரவு, பருவந்தோறும் புதுக்கோலம். 2020 டிசம்பரில் பந்தாட்ட வீரர் ரொனால்டோவைப் பிரீ பயரில் ஒரு பாத்திரமாக இறக்கினர். 2022 ஜூலையில் கொரியப் பாடகியர் பிளாக்பிங்க் குழுவைப் பப்ஜிக்குள் பாடவைத்தனர். “இன்னும் மூன்று நாள் மட்டுமே” என்ற அறிவிப்பு இரவு பத்து மணிக்கு வந்து நிற்கும். மறுநாள் பாடசாலையில் அதில்லாதவன் ஏழை. பந்தாட்டப் பதிப்புகளின் கதை இன்னும் வேடிக்கையானது. பீபா என்ற பெயரில் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த ஆட்டம் 2023 செப்டெம்பரிலிருந்து ஈஏ ஸ்போர்ட்ஸ் எப்சி என்ற பெயரில் வருகின்றது. பெயர் மாறினும் பிழைப்பு மாறவில்லை. சென்ற ஆண்டு காசு கொட்டிச் சேர்த்த வீரர் அட்டைகள் இவ்வாண்டுப் பதிப்புக்கு வாரா. அணியை அடியிலிருந்து மீண்டும் கட்ட வேண்டும்; பெட்டியை மீண்டும் திறக்க வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவில் வாங்கிய விளையாட்டுக் கார் மறுநாளே உடைந்துபோகலாம். உடைந்தாலும் அது பிள்ளையினுடையது. தம்பிக்குக் கொடுப்பான், போளைக்கு மாற்றுவான். ஆட்டத்துச் சட்டை எவனுடையது? 2022 பெப்ரவரியில் இந்திய அரசு பிரீ பயரைத் தடை செய்தது. கடல் கடந்தால் தமிழ்நாடு. அங்குள்ள பிள்ளைகள் காசு கொடுத்துச் சேர்த்தவற்றின் கதி அவர்கள் கையில் இருக்கவில்லை. விற்றவர் விற்றது பொருளையன்று, பார்த்துக்கொண்டிருக்கும் அனுமதியை மட்டுமே.

இந்தக் காசு எங்கிருந்து வருகின்றது? ரொறன்ரோவிலே இரவுவேலை செய்யும் தமையனிடமிருந்து, சூரிச்சிலே கோப்பை கழுவும் மாமனிடமிருந்து, தோட்டத்திலே முதுகு வளையும் தகப்பனிடமிருந்து வருகின்றது. வெளிநாட்டிலிருந்து வந்த காசு ஓர் இரவுகூடத் தங்காமல் வெளிநாட்டுக்கே திரும்புகின்றது. வீட்டுக்காசு குறைந்தது தெரிந்ததும் முதலில் அடிபடுபவன் சிறுவன். “கள்ளன்” என்ற பெயரும் அவனுக்கே. அவன் செய்தது சரியென்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் பிள்ளையின் கை வீட்டு மேசை இலாச்சிக்குள் போகும் வரை அவனைத் தள்ளிச் சென்றவன், உளநூல் வல்லாரைச் சம்பளத்துக்கு அமர்த்தி அத்திரையை வரைந்தவன், அவனுக்கு என்ன பெயர்?

சிகரட்டை நோக்குக. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவனுக்கு அதனை விற்றல் குற்றம். கடைக்காரர் அதற்கு அஞ்சுகின்றார். அதே சிறுவன் பக்கத்திலுள்ள ரீலோட் கடைக்குப் போய், ஆட்டத்தின் வைரத்துக்கென்று ஆயிரம் ரூபாவை நீட்டினால் வயது கேட்கச் சொல்லும் விதி எங்கே? கடைக்காரரைக் குறைகூறிப் பயனில்லை. அவருக்குக் கிடைப்பது சில ரூபாக் கழிவு. விதி செய்ய வேண்டியவர்கள் கொழும்பிலே இருக்கின்றார்கள்.

“நிறுவனங்கள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன, நமது சட்டம் அங்கு எட்டுமா?” என்று கையை விரிப்பர். நல்ல வாதம்! வெளிநாட்டு நிறுவனங்கள் மின்வழியே விற்கும் சேவைகளுக்கு 18 வீதம் பெறுமதிசேர் வரி அறவிட 2025 இல் சட்டம் செய்த நாடாளுமன்றம் இது. வரி கேட்க நீளும் கை, பிள்ளையைக் காக்க மட்டும் குட்டையாகிவிடுமோ? சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த அதிகாரசபை அமைக்கும் சட்டமும் அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறியது. சூதாட்ட மண்டபத்தைக் காணும் கண் சிறுவன் கையிலுள்ள பெட்டியைக் காணாதோ?

பிற நாட்டார் கண்டனர். சில வகைப் பெட்டிகள் சட்டவிரோதமென்று யப்பான் 2012 இல் அறிவித்தது. பெல்ஜியம் 2018 ஏப்ரலில் பீபா உள்ளிட்ட ஆட்டங்களின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றது; 2019 ஜனவரியில் அந்நாட்டில் பீபா நாணய விற்பனை நின்றது. இரு நாடுகளும் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. இருந்த சட்டத்தையே எடுத்து வீசின. அமெரிக்காவிலே கென்ஷின் இம்பாக்ட் ஆட்டத்தை விற்போர் 2025 ஜனவரியில் 2 கோடி டொலர் செலுத்த உடன்பட்டனர். 16 வயதுக்குக் குறைந்தோர்க்குப் பெற்றோர் சம்மதமின்றிப் பெட்டி விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டனர். பெரியவன் கேட்டால் பணிகின்றார்கள். நாம் கேட்கவே இல்லை.

முழுத்தடை கேட்போர்க்கு ஒரு சொல். 2020 செப்டெம்பரில் பப்ஜியை இந்தியா தடை செய்தது. 2021 ஜூலையில் அதே ஆட்டம் வேறு பெயர் சூடி, பெட்டியுஞ் சட்டையுமாகத் திரும்பிற்று. கிட்டிப்புள்ளும் கிளித்தட்டும் ஆடி வளர்ந்த தலைமுறை, பிள்ளை ஆடுவதையே குற்றமென்பது முறையன்று. அவன் தோழரோடு ஆடட்டும், வெல்லட்டும். ஆட்டத்துக்கு விலை வேண்டுமா? திறந்த விலையாக ஒரு தரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாம் கேட்பது பெரிதன்று. பதினெட்டு வயது நிரம்பாதார்க்கு அதிர்ஷ்டப் பெட்டி விற்றல் குற்றமாக வேண்டும். ஒவ்வொரு பொருளின் விலையும் ரூபாவிலே, தமிழிலும் சிங்களத்திலும் திரையில் நிற்க வேண்டும்; அரசப் படிவத்தைத் தமிழில் கேட்டுப் போராடிய மக்கள் விலைச்சீட்டைத் தமிழில் கேட்க நாணுவதேன்? பெற்றோர் அறியாமற் பிள்ளை செலவிட்ட பணத்தைக் குறித்த நாட்களுள் திருப்பிக் கொடுக்கும் கடமை விற்றவனுக்கு உண்டாக வேண்டும். முறைப்பாட்டை ஏற்க 1998 இல் அமைத்த சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கின்றது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் இருக்கின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றிருப்போர் கட்சி பேதமின்றி இதனை அங்கே எழுப்பட்டும். எழுப்பாதவர் வாக்குக் கேட்டு அடுத்த முறை நம் ஒழுங்கைக்குள் வரும்போது, படலையில் நின்று நாம் கேட்போம்.