எண் மட்டும் வீடு சேர்க்காது

பெருநகர சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது. உரிமம் பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 இறுதியில் அறிவிக்கப்பட்டது, காலக்கெடுவும் நீட்டிக்கப்பட்டது. அபராதத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, தொலைந்த நாய் வீடு திரும்புமா என்பதைப் பற்றி நாம் பேசவில்லை.

தோலுக்கு அடியில் செலுத்தப்படும் மைக்ரோசிப் அரிசிமணி அளவே இருக்கும். அதில் மின்கலம் இல்லை. நாய் இருக்கும் இடத்தை அது காட்டாது. வாசிப்புக் கருவியை அருகில் கொண்டுசென்றால் 15 இலக்க எண் ஒன்றைத் தரும், அவ்வளவுதான். உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருப்பது பதிவேட்டில். கருவி இல்லாவிட்டாலோ, பதிவேட்டைப் பார்க்க முடியாவிட்டாலோ, தொலைபேசி எண் மாறியிருந்தாலோ அந்த எண்ணால் பயனில்லை.

நான் வசிக்கும் மீஞ்சூர், திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பேரூராட்சி. மாநகராட்சியின் விதி இங்கே செல்லாது. ஆனால், புறநகர் ரயிலில் நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு தாண்டினால் எண்ணூர் வந்துவிடும். அது மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலம். தீபாவளி வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்க்கு உள்ளாட்சி எல்லை தெரியாது. எண்ணூரில் பதிவான நாய் அத்திப்பட்டில் அகப்பட்டால், அதன் எண்ணை வாசித்து உரிமையாளரைத் தேட இங்கும் வழி இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016 ஏப்ரலிலும் பூனைகளுக்கு 2024 ஜூனிலும் மைக்ரோசிப் கட்டாயமானது. அங்கே பதிவேடுகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடப்பதால், எண் எந்தப் பதிவேட்டில் உள்ளது என்று தேடுவதே தனி வேலையாகிறது. அந்தத் தவறை நாம் விலைகொடுத்துக் கற்க வேண்டியதில்லை.

அபராதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தினக்கூலிக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் பெருந்தொகை. மைக்ரோசிப் இல்லாத நாயைத் தெருவில் விட்டால், விட்டவர் யார் என்று கண்டறிவது கடினம். எனவே, பதிவுக்கு முன்பே அபராதத்தைக் காட்டி அச்சுறுத்தினால், சிலர் நாயைக் கைவிடவே தூண்டப்படுவார்கள். பொருத்தும் வசதி அருகிலேயே, இலவசமாகக் கிடைத்த பிறகு வரும் அபராதமே நியாயமானது.

மாநிலம் முழுமைக்கும் ஒரே பதிவேடு, அரசுக் கால்நடை மருந்தகம்தோறும் ஒரு வாசிப்புக் கருவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடும்போதே தொலைபேசி எண்ணைச் சரிபார்க்கும் வழக்கம் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றைச் செய்ய வேண்டியது மாநில அரசு. மாநகராட்சி தன் எல்லைக்குள் தொடங்கிய பணி, எல்லை தாண்டினால்தான் முழுமை பெறும்.