ஒரு வெள்ளி கொடுத்தோம், 80 காசு வாங்கினோம்



உங்கள் அம்மாவின் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். மைக்கா பங்குப் பத்திரம் ஒன்று மடித்துக் கிடக்கலாம்.

சாமிவேலு பால்மரம் வெட்டிய பெற்றோரின் பிள்ளை. 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர். 1979 முதல் 2010 வரை ம.இ.கா. தலைவர். 29 ஆண்டுகள் அமைச்சர். நெடுஞ்சாலைகள் வந்தன, எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வந்தது. மறுக்கவில்லை.

ஆனால் கணக்குக் கேட்போம். 1980களில் அவரை நம்பி, தோட்டத்து மக்கள் நகையை அடகு வைத்தும் மைக்காவில் பணம் போட்டார்கள். சுமார் 66,000 பேர், 10 கோடி வெள்ளிக்கு மேல்! 2010இல் அந்தப் பங்குக்கு வந்த விலை 80 காசு. இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்து வீட்டை இழந்த குடும்பங்கள் புறம்போக்கில் குடிசை போட்டன. அமைச்சரவையில் இருந்த நம் குரல் அப்போது என்ன பேசியது?

2007 நவம்பர் 25இல் கோலாலம்பூர் வீதியில் ஆயிரக்கணக்கில் திரண்டோம். 2008 மார்ச் 8, அவருடைய 72ஆவது பிறந்த நாள். அன்றுதான் சுங்கை சிப்புட் அவரை 1,821 வாக்குகளில் தோற்கடித்தது.

2022இல் அவர் மறைந்தார். மறைந்தவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நாளை இன்னொருவர் "நான் உங்கள் பிள்ளை" என்று கும்பிட்டு வருவார். மாலையைத் தூக்குவதற்கு முன் கேளுங்கள்: எங்கள் வீட்டுக்கு, சம்பளத்துக்கு, தமிழ்ப்பள்ளிக்கு என்ன செய்வீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நம்மவர் மந்திரியானால் மட்டும் நம் அடுப்பு எரியாது. சிந்தியுங்கள்!