மந்திரம் போன பிறகும் நாயகன்தான்

ஹாரி பாட்டர் ஐந்தாம் புத்தகத்தில் எல்லோரிடமும் எரிந்து விழுவது எனக்குப் பிடிக்கும். பதினைந்து வயது அப்படித்தான். ஆனாலும் பள்ளி நூலகராக நான் பிள்ளைகளிடம் முதலில் நீட்டுவது அர்சுலா லெ குவினின் ‘எர்த்ஸீ’ நாவல்களைத்தான்.

1968இல் வந்த முதல் நூலில் கெட், மலைத்தீவொன்றில் ஆடு மேய்த்த பையன். ரோக் தீவில் மந்திரம் படிக்கும்போது, சக மாணவன் சீண்டினான் என்ற வீம்பில் இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழலும் வெளியேறுகிறது. திறந்துவிட்ட வழியை அடைத்துவிட்டுத் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். பெரியவர் ஒருவரின் சாவைச் சுமந்துகொண்டுதான் அவன் வளர வேண்டும். கடைசியில் அந்த நிழலை அவன் கொல்வதில்லை; தன் பெயராலேயே அழைத்துத் தழுவிக்கொள்கிறான். எதிரியைத் தீர்த்துக்கட்டியதும் பையன் பெரியவனாகிவிட்டான் என்று முடிக்கும் கதைகள் இதனருகே நிற்காது.

மூன்றாம் நூலின் முடிவில் அவன் சக்தியெல்லாம் போய்விடுகிறது. 1990இல் வந்த ‘டெஹானு’வில் வெட்கித் தலைகுனிந்து ஊர் திரும்பி, மறுபடி ஆடு மேய்க்கிறான். சாகசம் தேடிய வாசகர்கள் பலருக்கு இது கசந்தது. எனக்கு வரிசையிலேயே துணிச்சலான புத்தகம் இதுதான்.

மூன்றோடு நிறுத்திவிடாதீர்கள். ‘டெஹானு’வில் ஒரு சிறுமிக்கு நேரும் கொடுமை கடுமையானது, அதை மட்டும் பதினாறு வயதுக்குப் பிறகு கொடுங்கள்.