முட்டிக்கு எதற்கு ஸ்கேன்?

ஐம்பதைத் தாண்டிவிட்டீர்களா? மாடிப்படி ஏறும்போது முழங்கால் லேசாக முனகுகிறதா? போச்சு! யாராவது உங்களை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் தள்ளாமல் விடமாட்டார்கள். டாக்டர் எழுதாவிட்டால் நாமே கேட்போம். “எதுக்கும் ஒரு ஸ்கேன் பார்த்துடலாமே டாக்டர்!”

அரைமணி நேரம் ‘டக் டக்’ சத்தம். ஆயிரக்கணக்கில் பில். பெரிய கவருக்குள் ஒரு ரிப்போர்ட். படித்தால் பகீர் என்கிறது. மூட்டுக்குள் வாஷர் மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறதாம். காலையில் மார்க்கெட்டுக்கு நடந்து போன மனுஷன், சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். முழங்கால் அதேதான். கூட வந்தது பயம் மட்டும்.

அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். இதய ஆராய்ச்சிக்குப் பேர் போனது. அங்கே 50 முதல் 90 வயது வரையிலான 991 பேரின் முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவிகிதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியும் இல்லை, இறுக்கமும் இல்லை!

2012-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வும் அதே ஊர்தான். எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானமே தெரியாத, 50 வயது தாண்டிய 710 பேர். எம்.ஆர்.ஐ. எடுத்தால் 89 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு கோளாறு. வலியே இல்லாதவர்களிலும் இது 86 சதவிகிதத்துக்குக் குறையவில்லை. தலை நரைத்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் ஆஸ்பத்திரிக்கா ஓடுவோம்?

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தேய்மானம் என்றால் என்னவென்று தெரியும். பழைய லாரியின் மதிப்பு கணக்குப் புத்தகத்தில் அடிமட்டத்தில் இருக்கும். லாரியோ லோடு ஏற்றிக்கொண்டு ஜம்மென்று ஓடும். புத்தகத்தைப் பார்த்து லாரியைக் காயலான் கடைக்கு அனுப்புகிற முதலாளி உண்டா? முழங்காலுக்கு மட்டும் ஏன் அந்த அவசரம்?

பயத்தோடு நின்றால் பரவாயில்லை. “கிழிசலைச் சரி பண்ணிடலாம், சின்ன ஓட்டைதான்” என்று ஆர்த்ராஸ்கோப்பி வரை இழுத்துக்கொண்டு போகிறது. ஃபின்லாந்தில், வயதால் மெனிஸ்கஸ் நைந்து கிழிந்த 146 பேரைச் சம்மதத்தோடு இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேருக்கு நிஜ ஆபரேஷன். மீதிப்பேருக்குக் கிழிசலைத் தொடாமல் ஆபரேஷன் மாதிரி ஒரு நாடகம். ஒரு வருடம் கழித்து இரு தரப்புக்கும் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. இது 2013-ல் வந்த முடிவு. தேய்மான மூட்டுக்கு ஆர்த்ராஸ்கோப்பி ஏறக்குறைய யாருக்குமே வேண்டாம் என்று 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சர்வதேசக் குழு ஒன்று அடித்துச் சொன்னது.

பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு இன்னும் எளிதாகச் சொல்கிறது. வயது 45-க்கு மேல், நடமாடினால் வலி, காலையில் இறுக்கம் இல்லை அல்லது அரைமணிக்குள் போய்விடுகிறது... அப்படியானால் அது மூட்டுத் தேய்மானம். கண்டுபிடிக்கப் படமே வேண்டாம்.

பிறகு ஏன் எழுதித் தள்ளுகிறார்கள்? ஸ்கேன் சென்டர் ‘கட்’ பற்றி ஊரே பேசுகிறது. நோயாளியை அனுப்பிவைப்பதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2002-லேயே விதி போட்டது. விதி போட வேண்டிய நிலைமை இருந்தது, பாருங்கள்! நேர்மையான டாக்டர்கள் நிறைய உண்டு. அவர்கள் “ஸ்கேன் வேண்டாம்” என்றால் நாம் என்ன செய்கிறோம்? “இவருக்கு ஒண்ணும் தெரியலை” என்று அடுத்த டாக்டரைத் தேடிப் போகிறோம்.

மெஷின் மீது எனக்குக் கோபமில்லை. விழுந்து அடிபட்டு மூட்டு வீங்கினால், முட்டி மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டால், காய்ச்சலோடு வீக்கம் வந்தால், ராத்திரியெல்லாம் விடாமல் வலித்தால் உடனே டாக்டரிடம் போங்கள். அவர் சொல்கிற படத்தை எடுங்கள். தேய்மான வலிக்குத் தேவை தொடைத் தசைக்கு உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். குண்டானவர் ஒரு கிலோ இளைத்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது.

அடுத்த முறை ஸ்கேன் என்று சீட்டு எழுதினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ரிசல்ட் எப்படி வந்தாலும் நீங்க கொடுக்கப்போற வைத்தியம் மாறுமா டாக்டர்?” மாறும் என்றால் தாராளமாக எடுங்கள். மாறாது என்றால் அந்தப் பணத்தோடு ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டைப் போய்ப் பாருங்கள்.